இருபத்தாறு பேர் பார்க்கும் தட்டு

அத்தியாயம் 14

ஈஸ்டர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பெங்களூர் மர்பி டவுன் வீட்டு வாசலில் இரண்டு ஜோடி ஷூக்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பிரிஜெட்டின் கணவர் கிளெமென்ட்டுடையது. இன்னொன்று அவள் தங்கை ஆஞ்சலாவுடையது.

பால் பாக்கெட் எடுக்க வந்த பிரிஜெட் தன் செருப்பைத் தேடினாள். அது கதவுக்குப் பின்னால், துடைப்பத்தோடு சாய்ந்து கிடந்தது.

"மாமா, இன்னிக்கு ஏரியை ரெண்டு சுத்து," என்றாள் ஆஞ்சலா, குனிந்து லேஸ் கட்டிக்கொண்டே. "ஈஸ்டர் போனஸ்."

"ரெண்டா? முட்டி கழண்டுடும்மா."

"கழண்டா நான் மாட்டி விடறேன்."

கிளெமென்ட் சிரித்தார். முப்பது வருடம் பள்ளியில் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிப் பிள்ளைகளை ஓட வைத்தவர். தான் ஓடியதில்லை. 'ஒரு நடை போயிட்டு வாங்களேன்' என்று பிரிஜெட் எத்தனை முறை கெஞ்சியிருப்பாள். அப்போதெல்லாம் வராத சிரிப்பு இது.

இருவரும் அல்சூர் ஏரிப் பக்கம் திரும்பும் வரை பிரிஜெட் வாசலிலேயே நின்றாள். கையில் பால் பாக்கெட் வேர்த்து, தண்ணீர் பாதத்தில் சொட்டியது.

பிப்ரவரியில் கிளெமென்ட்டின் காலில் ஷூ கடித்த புண் ஆறாமல் கிடந்தது. சர்க்கரை முன்னூற்று எழுபது என்று தெரிந்த அன்று பிரிஜெட் உட்கார்ந்து அழுதாள். மகள் ஜூடித் அழவில்லை. சித்திக்கு போன் போட்டாள். அதுதான் பிரிஜெட்டுக்கு இன்று வரை ஆறாத புண்.

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அந்தமானிலிருந்து ஆஞ்சலா வந்து இறங்கினாள்.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சின்னத் தீவில் அவள் நர்ஸ். அங்கே சர்க்கரை நோயுள்ள இருபத்தாறு பெண்களைச் சேர்த்து, தினமும் கடற்கரையில் நடக்க வைத்திருந்தாள். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளை அரிசியையும் மைதாவையும் குறைத்தாள். இறைச்சியையும் பொரித்த மீனையும் தட்டிலிருந்தே இறக்கினாள். அந்த இடத்தில் தோட்டத்துக் கீரையும் பயறும் சீமைப்பலாவும் ஏறின. 'கப்பல் வராத அன்னிக்கு நாம என்ன சாப்பிடுவோமோ, அதுதான் நம்ம சாப்பாடு' என்பாளாம் அவர்களிடம்.

ஒவ்வொருவரும் காலை ரத்தச் சர்க்கரை அளவையும், மூன்று வேளைத் தட்டின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஆஞ்சலாவை விட்டுவிட்டால் அந்தக் குழுவில் இப்போது இருபத்தேழு பேர். இருபத்தேழாவது ஆள் கிளெமென்ட். ஒரே ஆண்.

இருபத்தெட்டு வருடமாகப் பிரிஜெட் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். ஒரு நாள், ஒரு தட்டை அவர் படம் எடுத்ததில்லை. இப்போது இரண்டு கரண்டி கொள்ளுச் சுண்டலும் ஒரு கை கீரையும் வைத்தால், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் படம் எடுக்கிறார். அரை நிமிடத்தில் எங்கோ கடலுக்கு நடுவிலிருந்து இருபத்தாறு சிவப்பு இதயங்கள் வந்து விழுகின்றன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தவக்காலம்தான் அவளுக்குத் தொண்டையில் நின்றது.

ஒவ்வொரு வருடமும் தவக்காலத்தில் 'நாப்பது நாள் கறி வேணாங்க' என்று கேட்பாள். ஒரு வருடமும் அவர் காதில் வாங்கியதில்லை. பெரிய வெள்ளி அன்று கூட ஓட்டலில் கைமா தோசை தின்றுவிட்டு வந்த மனிதர். இந்த வருடம் ஒரு துண்டு தொடவில்லை.

பங்குச் சாமியார் கூட மெச்சிக்கொண்டார். "மாஸ்டர் திருந்திட்டாரே பிரிஜெட்."

'ஏசுசாமிக்காக விடல ஃபாதர். என் தங்கச்சிக்காக விட்டுட்டார்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. "ஆமா ஃபாதர்," என்றாள்.

* * *

சமையலறை மேல் தட்டில், மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால், ஒரு சின்ன பாட்டில் இருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் சிறுகுறிஞ்சான் பொடி. அல்சூர் மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையில் ஒன்பது நாள் முன்பு வாங்கியது. 'அரை ஸ்பூன் போதும்மா. மாத்திரை சாப்பிடறவங்கன்னா டாக்டரைக் கேட்டுக் குடு' என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் யாரையும் கேட்கவில்லை.

கிளெமென்ட் தினமும் வெந்தயத் தண்ணீர் குடிப்பார். அதில் கலந்தாள். அதுவே கசப்பு. இது தெரியவில்லை.

மூன்றாம் நாளே சர்க்கரை இருபது இறங்கியது. ஏழாம் நாள் நூறுக்குக் கீழே வந்தது.

பிரிஜெட்டின் நெஞ்சு துள்ளியது. நான் குறைத்தேன். என் கை.

"பாத்தியா பிரிஜி, ஆஞ்சலா சொன்ன மாதிரியே ஆச்சு," என்றார் கிளெமென்ட்.

இதயங்கள் வந்து விழுந்தன. எல்லாம் ஆஞ்சலாவுக்கு.

இன்று அதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று நேற்றே தீர்மானித்திருந்தாள். ஈஸ்டர். தவக்காலம் முடிந்துவிட்டது. அவள் கையால் வினிகர் போட்டு ஊறவைத்த போர்க் வறுவலை இன்று அவர் ஒரு தட்டு சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் சர்க்கரை ஏறக்கூடாது. அப்புறம் எல்லோர் முன்னாலும் சொல்லலாம். என் சாப்பாடு ஒன்றும் விஷமில்லை என்று.

அதற்கு அரை ஸ்பூன் போதாது.

* * *

பதினொரு மணிக்குச் சமையலறையில் இரண்டு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் போர்க். இன்னொன்றில் சீமைப்பலா.

மங்களூர்க்காரர் கடையில் ஜீகுஜ்ஜே என்று கேட்டு ஆஞ்சலா தேடி வாங்கி வந்த காய் அது. பச்சைத் தோலைச் சீவி, பாசிப்பயறோடு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கத்தி குடுக்கா."

"அது கறிக் கத்தி. உனக்கு ஆவாது."

ஆஞ்சலா சிரித்துவிட்டு வேறு கத்தி எடுத்துக்கொண்டாள். அவள் எதற்கும் கோபப்படாததுதான் பிரிஜெட்டுக்கு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடி வாங்குவது பிரிஜெட், அணைத்துக்கொள்ளப்படுவது ஆஞ்சலா.

ஜூடித் வந்து எட்டிப் பார்த்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் பகலைப் பார்ப்பாள்.

"சித்தி, வாசனை தூக்குது."

"எதும்மா, என்னுதா அவளுதா?" என்றாள் பிரிஜெட்.

ஜூடித் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் வரலப்பா இந்த ஆட்டத்துக்கு," என்று வெளியே போய்விட்டாள்.

பிரிஜெட் கறியைக் கிளறினாள். "புதன்கிழமை ஃபிளைட் எத்தனை மணிக்கு?"

ஆஞ்சலாவின் கத்தி ஒரு நொடி நின்றது. "சாயங்காலம்னு நினைக்கிறேன். பாத்துச் சொல்றேன்."

"ஆம்ப்ரோஸ் ஏர்போர்ட்டுக்கு வருவாரா?"

"அவருக்கு ஹார்பர்ல டியூட்டி இருக்கும்."

ஆறு வாரத்தில் ஆஞ்சலாவின் கணவர் ஆம்ப்ரோஸ் ஒருமுறைகூட இந்த வீட்டுக்கு போன் செய்யவில்லை. பிரிஜெட் அதைக் கவனிக்கவில்லை. காலண்டரில் புதன்கிழமையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை மாமாவை டாக்டர்கிட்ட மறக்காம கூட்டிட்டுப் போக்கா. சாப்பாடு மாறிப்போச்சு, நடையும் ஜாஸ்தி. மாத்திரையைக் குறைக்கணும். பழைய டோஸே போயிட்டு இருக்கு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் சொல்றேன்."

* * *

ஒரு மணிக்கு வெந்தயத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சிறுகுறிஞ்சான் போட்டுக் கலக்கினாள் பிரிஜெட்.

கிளெமென்ட் ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, இன்னிக்கு இவ்ளோ கசக்குது?"

"புது வெந்தயம்."

"சாப்பாடு போடு. ரெண்டு சுத்து நடந்ததுல பசி பிடுங்குது."

உடனே போட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் தீவுப் பெண்கள் இன்று மாஸ்டரின் ஈஸ்டர் தட்டை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜூடித் போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்தாள். அங்கே நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருந்தது. முகங்கள் தெரிந்தன, உறைந்தன, மறைந்தன. கிளெமென்ட் காலித் தட்டின் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகச் சேர்ந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மாஸ்டர், ஹேப்பி ஈஸ்டர். தட்டைக் காட்டுங்க," என்றாள் முன்னால் இருந்த சுப்புலக்ஷ்மி என்ற பெண்.

ஆஞ்சலா சீமைப்பலாக் கூட்டு வைத்தாள். கீரை வைத்தாள். முளைகட்டின பயறு வைத்தாள். கிளெமென்ட் தட்டைப் பூசைப் பாத்திரம் மாதிரி தூக்கிக் காட்டினார். அங்கே கைதட்டல்.

பிரிஜெட் கரண்டியோடு வந்தாள். யாரும் கேட்கவில்லை. நான்கு துண்டு போர்க்கைத் தட்டின் நடுவில் வைத்தாள்.

கைதட்டல் நின்றது.

"ஈஸ்டருங்க," என்றாள் பிரிஜெட். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு நாள்தானே."

கிளெமென்ட் மனைவியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இருபத்தாறு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஸ்பூனால் நான்கு துண்டையும் மெதுவாகத் தள்ளி, ஜூடித்தின் தட்டில் போட்டார்.

"நீ சாப்பிடும்மா."

அங்கே யாரோ "சபாஷ் மாஸ்டர்" என்றார்கள்.

பிரிஜெட் சமையலறைக்குள் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

* * *

குழாய்ச் சத்தத்தையும் மீறி, ஸ்பூன் தரையில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"டாடி?" என்றாள் ஜூடித். "டாடி, என்ன பண்ணுது?"

பிரிஜெட் ஓடி வந்தாள். கிளெமென்ட்டின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. விரல்கள் மேஜை மேல் தாமாகவே தாளம் போட்டன. தட்டில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

"விசிலு… என் விசிலு எங்க?" என்றார் அவர். நாக்கு குழறியது.

ஆஞ்சலா அதற்குள் அவர் விரலில் ஊசி குத்திவிட்டாள். மீட்டர் ஐந்து நொடி யோசித்தது.

நாற்பத்தாறு.

"சக்கரை கொண்டாக்கா. சீக்கிரம்."

"சக்கரை ஏது? டப்பாவோட நீதானே எடுத்துப் பக்கத்து வீட்டுல குடுத்தே."

ஆஞ்சலாவின் முகம் முதல்முறையாக வெளுத்தது. ஆறு வாரம் முன்பு வந்த அன்றே வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், ஜாம் எல்லாவற்றையும் பைகளில் கட்டி வெளியேற்றியவள் அவள். நர்ஸ். ஒரு அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றாமல் போயிற்று.

பிரிஜெட் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் ஒரு பேக்கரி அட்டைப்பெட்டி. உள்ளே கையளவு சர்க்கரை முட்டை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கிளெமென்ட்டுக்கு வாங்குவது. இந்த வருடமும் ஒளித்து வாங்கியிருந்தாள். எல்லோரும் தூங்கின பிறகு ஒரு துண்டு கேட்பார், தன்னிடம் மட்டும் கேட்பார் என்று.

அம்மியில் போட்டு உடைத்தாள். தண்ணீரில் கரைத்தாள். அவர் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க. முழுங்குங்க ராஜா."

அவர் குடித்தார். பாதி டம்ளரில் நிறுத்தினார்.

"வெறும் தண்ணி குடுக்கறே."

"சக்கரைத் தண்ணிங்க."

"இனிப்பே இல்ல. மண்ணு மாதிரி இருக்கு."

ஜூடித் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "பாயசம் மாதிரி இருக்கு டாடி."

ஆஞ்சலா நிமிர்ந்தாள். அக்காவை நேராகப் பார்த்தாள். கத்தவில்லை.

"குடிங்க மாமா. இனிக்காட்டியும் வேலை செய்யும்," என்று மீதியைக் குடிக்க வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "அக்கா, மாமாவுக்கு என்ன குடுத்தே?"

"வெந்தயத் தண்ணி."

"அதுல?"

பிரிஜெட் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"சிறுகுறிஞ்சான் போட்டா நாக்கு இனிப்பை மறந்துடும். எங்க தீவுலயும் குடுப்பாங்க, எனக்குத் தெரியும். எவ்ளோன்னு மட்டும் சொல்லு. டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பார். தெரியலன்னா திரும்பவும் இறங்கும், நாம பாத்துட்டு நிப்போம்."

சொல்லாமல் இருந்துவிடலாம். நடைதான் அதிகம், ரெண்டு சுத்து என்று ஆஞ்சலா மேலேயே போட்டுவிடலாம். அந்த நினைப்பு ஒரு நொடி முழுதாக வந்து நின்றது. வயிற்றில் சாய்ந்திருந்த தலை ஈரமாக, கனமாக இருந்தது.

"ஒம்போது நாளா," என்றாள் பிரிஜெட். "தினம் அரை ஸ்பூன். இன்னிக்கு ரெண்டு."

"மம்மி," என்றாள் ஜூடித்.

"ஒரு நாளாவது என்னால குறையணும்னு நினைச்சேன். எல்லாம் அவ பேர்ல போச்சு. நானும்தானே இருக்கேன் இந்த வீட்டுல."

பதினைந்து நிமிடம் கழித்து மீட்டர் எழுபத்தொன்று என்றது. கிளெமென்ட்டின் விரல்கள் அடங்கின. கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. அவர் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஜக்கின் மேல் சாய்ந்திருந்த போன் பேசியது.

"ஆஞ்சலாக்கா, மாஸ்டர் எப்படி இருக்கார்?"

யாரும் அணைக்கவில்லை. எல்லாவற்றையும் இருபத்தாறு பேரும் பார்த்திருந்தார்கள். கேட்டுமிருந்தார்கள்.

பிரிஜெட் அதை எடுத்தாள். திரையில் முதல்முறையாக அவள் முகம் அவர்களுக்கு முழுதாகத் தெரிந்தது.

சுப்புலக்ஷ்மி தயங்கினாள். "நீங்கதான் பிரிஜெட் அக்காவா? ஆஞ்சலாக்கா உங்களைப் பத்திச் சொல்லும். 'எங்க அக்கா கை ருசி மட்டும் எனக்கு வராது, வந்திருந்தா என் வீடு வேற மாதிரி இருந்திருக்கும்'னு."

"ஃபோனை வெச்சுடு சுப்பு," என்றாள் ஆஞ்சலா சட்டென்று.

* * *

பக்கத்து நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். ஜூடித் மருந்து வாங்கப் போயிருந்தாள். அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். "பொடியை நிறுத்துங்க. சாப்பாட்டை நிறுத்தாதீங்க, அதுதான் அவரைத் தேத்துது. நடையும் அப்படியே போகட்டும். ஒரு வாரத்துக்கு தினம் நாலு வேளை சுகர் பாக்கணும். வீட்டுல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

பிரிஜெட் கதவோரம் நின்ற ஆஞ்சலாவைப் பார்த்தாள். "என் தங்கச்சி நர்ஸ்தான் டாக்டர்."

வராந்தா பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். சாயங்கால வெயில் அந்த இடத்தில் விழுந்தது.

"சக்கரையை நான் அப்படித் துடைச்சு எடுத்திருக்கக் கூடாது," என்றாள் ஆஞ்சலா. "தப்பு என் மேலயும் இருக்கு."

"இதையும் நீயே எடுத்துக்காதே."



பிரிஜெட் புடவை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். சொல்ல வேண்டியது கல் மாதிரி உள்ளே கிடந்தது. ஆறு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள்.

"புதன்கிழமை போகாதே ஆஞ்சு. இன்னும் ஒரு வாரம் இரு. நாலு வேளை ஊசி குத்திப் பாக்க எனக்குக் கை நடுங்கும். டிக்கெட்டை மாத்த முடியுமா பாரு."

ஆஞ்சலா தன் ஷூவைப் பார்த்தாள். காலையில் கட்டிய லேஸ். ஏரிச் சேறு காய்ந்திருந்தது.

"மாத்த ஒண்ணுமில்லக்கா. டிக்கெட்டே எடுக்கல."

"எடுக்கலயா? அப்ப லீவு?"

"நான் லீவுல வரல."

பிரிஜெட் மெதுவாகத் திரும்பினாள். ஆறு வாரம் எந்த நர்ஸுக்கு லீவு கொடுப்பார்கள் என்று இப்போதுதான் தோன்றியது. ஆம்ப்ரோஸ் ஏன் ஒரு போன் கூடச் செய்யவில்லை என்றும்.

"ஆம்ப்ரோஸ்…?"

"அவருக்கும் சக்கரைதான். என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டார்." ஆஞ்சலா சிரிக்க முயன்றாள். வரவில்லை. "இருபத்தாறு வீட்டுத் தட்டை மாத்தினேன். என் வீட்டுத் தட்டு வேற வீட்டுக்குப் போயிடுச்சுக்கா. இப்ப வேற ஒருத்திகிட்டதான் சாப்பிடறார், அங்கதான் இருக்கார்."

பிரிஜெட்டுக்கு அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது. அதே நொடி, வாசலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு ஜோடி ஷூக்களும் நினைவுக்கு வந்தன. கை பாதி வழியில் நின்றது.

வார்டு கதவு திறந்தது. கன்னட நர்ஸ் தலையை நீட்டினாள்.

"அம்மா, பேஷண்ட் கரீதாயிதாரே. கூப்பிடறாரு."

"யாரை?" என்றாள் பிரிஜெட்.

"ஹெசரு ஹேளில்லா. பேரு சொல்லல. 'அவளை வரச் சொல்லு'ன்னாரு."

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவருமே அடுத்த அடி வைக்கவில்லை.